மூன்று விமானங்களும் ஒரு தீர்ப்பும்

போர்க்கருவிகளின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பட்டியல் எப்போதும் கைகொடுக்கும். எந்த விமானம் எவ்வளவு வேகத்தில் பறந்தது, அதன் பொறியின் குதிரைத் திறன் யாது, எத்தனை கிலோகிராம் சுமையைத் தூக்கியது என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிவிட்டால், உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்பதை மாணவர்களே கூறிவிடுவர். பெரும்பாலான இடங்களில் இம்முறை தவறான வழியைக் காட்டுவதில்லை. ஆனால், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கென உருவான டார்பிடோ விமானங்கள் மூன்றினை இவ்வாறு எழுதிப் பார்த்தால், பட்டியல் ஒன்று சொல்லும். போர்க்களம் வேறொன்று சொல்லும். அந்த முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டார்பிடோ என்பது நீருக்கடியில் தன் பொறியின் ஆற்றலால் தானே ஓடிச் சென்று கப்பலைத் தாக்கும் வெடிகலம். மேலிருந்து விழும் குண்டு கப்பலின் தளத்தை உடைக்கும். டார்பிடோவோ நீர்மட்டத்துக்குக் கீழே துளையிட்டுக் கடலையே கப்பலுக்குள் அழைத்து வந்துவிடும். ஆகவே கனத்த கவசம் பூண்ட போர்க்கப்பலையும் மூழ்கடிக்க வல்ல கருவியாக அது மதிக்கப்பட்டது. அதனை விமானத்தின் அடியில் கட்டிக் கொண்டுசென்று கடலில் விடுவது எளிய செயலன்று. உயரத்திலிருந்தோ மிகுந்த வேகத்திலோ விட்டால் நீரில் மோதும் அதிர்ச்சியில் அதன் நுண்ணிய கருவிகள் சிதையும்; அல்லது தலைகுப்புற ஆழத்தில் சென்று மறையும். எனவே விமானி கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து, நேர்கோட்டில், தன்னை நோக்கிச் சுடும் கப்பலை நெருங்கிச் சென்றாக வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் அவன் திரும்பவும் முடியாது, விலகவும் முடியாது.

இக்கலையில் முந்தியது பிரிட்டன். கப்பல் தளத்திலிருந்து டார்பிடோவுடன் எழுவதற்கென்றே அமைந்த சாப்வித் குக்கூ என்னும் விமானம் 1918-இல் படையில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவ்விமானங்கள் ஆர்கஸ் என்ற விமானந்தாங்கியில் ஏறின. அடுத்த மாதமே முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. குக்கூவின் கதை அத்துடன் முடியவில்லை. 1921-இல் செம்பில் என்னும் பிரிட்டிஷ் விமானியின் தலைமையில் சுமார் 30 பேர் கொண்ட குழு ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டுக் கடற்படைக்கு விமானக் கலையைக் கற்பித்தது. அக்குழு கொண்டுசென்ற விமானங்களுள் குக்கூவும் ஒன்று. சாப்வித் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஸ்மித் என்ற வடிவமைப்பாளர் மிட்சுபிஷி நிறுவனத்தில் அமர்ந்து, ஜப்பானின் முதல் கப்பல்வழி டார்பிடோ விமானங்களை வரைந்து கொடுத்தார். ஆசான் கற்பித்த பாடத்தை மாணவன் எவ்வளவு நன்றாகக் கற்றான் என்பது இருபது ஆண்டுகளில் மலாயாக் கடலிலேயே தெரியவந்தது.

ஆசானின் நிலையோ வேறாயிற்று. 1918-இல் பிரிட்டனின் கடற்படை விமானங்கள் யாவும் புதிதாய்ப் பிறந்த விமானப்படையின் ஆளுகைக்குள் சென்றன. கப்பல் ஒருவருடையது, விமானம் மற்றொருவருடையது என்ற இந்த இரட்டை ஆட்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 1937-இல் தீர்ப்பு மாறியது. 1939 மே மாதத்தில்தான் கடற்படை தன் விமானப் பிரிவை முழுமையாகத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பணமும் குறைவு, அக்கறையும் குறைவு. கப்பலில் இடம் சிறிதாதலின் ஒரே விமானம் வேவு பார்க்க வேண்டும், பீரங்கியின் குறியைக் கண்டு சொல்ல வேண்டும், டார்பிடோவையும் விட வேண்டும் என்று கேட்டனர். அவ்வாறு உருவானதே வாள்மீன் எனப் பொருள்படும் சோர்ட்ஃபிஷ். கிரேக்கக் கடற்படையின் தேவையை ஒட்டி ஃபேரி நிறுவனம் தன் சொந்தச் செலவில் தொடங்கிய வடிவம் அது. முதல் மாதிரி 1933-இல் விபத்தில் அழிந்தது. திருத்திய மாதிரி 1934 ஏப்ரலில் பறந்தது. 1936-இல் படையில் சேர்ந்தது. உலோகச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கைகள். மேற்கூரையில்லாத இருக்கைகளில் மூவர். உள்ளிழுக்க முடியாத சக்கரங்கள். எதை வைத்தாலும் கொள்ளும் கடைத்தெரு வலைப்பையின் பெயரையே மாலுமிகள் அதற்குச் செல்லப்பெயராகச் சூட்டினர். ஏளனமும் அன்பும் கலந்த பெயர் அது.

அமெரிக்கக் கடற்படைக்கு இத்தகைய இரட்டை ஆட்சியின் தொல்லை இல்லை. 1921 முதலே அதற்கெனத் தனி விமானத்துறை இருந்தது. ஆனால் அங்கே டார்பிடோவின்மீதே ஐயம் எழுந்தது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்களே எதிர்காலம் என்ற எண்ணம் வலுத்தது. 1934-இல் படையில் சேர்ந்த ரேஞ்சர் என்னும் விமானந்தாங்கி, டார்பிடோ வைப்பதற்கான கிடங்கே இல்லாமல் கட்டப்பட்டது. இந்த ஐயத்துக்கு நடுவிலும் டக்ளஸ் நிறுவனம் 1935 ஏப்ரலில் ஒரு புதுமையைப் பறக்கவிட்டது. உலோக உடல், ஒற்றை இறக்கை, கண்ணாடி மூடிய இருக்கைகள், எண்ணெய் அழுத்தத்தால் தானே மடியும் இறக்கைகள் என அன்றைய உலகில் அதற்கு நிகரான கப்பல்வழி விமானம் இல்லை எனலாம். 1937 இறுதியில் அது படைக்கு வந்தது. பேரழிப்பான் என்று பொருள்படும் டெவாஸ்டேட்டர் என்னும் பெயர் 1941-இல்தான் சூட்டப்பட்டது. மொத்தம் 130 விமானங்களே கட்டப்பட்டன.

ஜப்பானுக்கு டார்பிடோவைப் பற்றி ஐயமே இல்லை. அதற்குக் காரணம் 1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை. அமெரிக்காவும் பிரிட்டனும் 5 பங்கு பெருங்கப்பல் வைத்துக்கொண்டால் ஜப்பான் 3 பங்கே வைக்கலாம் என அது வரையறுத்தது. பசிபிக் பெருங்கடலைக் கடந்து வரும் பெரிய எதிரிப்படையை வழியிலேயே சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும் என்ற திட்டம் இக்குறையிலிருந்து பிறந்தது. கரைக்கும் கருவி டார்பிடோ. நீர்மூழ்கி, நாசகாரிக் கப்பல், விமானம் ஆகிய மூன்றுக்கும் சிறந்த டார்பிடோக்களைச் செய்வதில் ஜப்பானியர் பெரும் உழைப்பைச் செலவிட்டனர். நகாஜிமா நிறுவனத்தின் 97-ஆம் வகைத் தாக்கு விமானம் 1937 ஜனவரியில் பறந்து, அவ்வாண்டிலேயே ஏற்கப்பட்டது. அது சுமந்ததோ 1931-இல் ஏற்கப்பட்டு ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்த 91-ஆம் வகை டார்பிடோ. அதன் வாலில் மரத்தாலான தகடுகளைப் பொருத்தினர். காற்றில் விழும்போது அவை டார்பிடோவை நேராக வைத்திருக்கும். நீரைத் தொட்டதும் உடைந்து விலகிவிடும். சிறிய உபாயம்தான், ஆனால் அதனால் ஜப்பானிய விமானி மற்றவர்களைவிட வேகமாகவும் உயரத்திலிருந்தும் டார்பிடோவை விட முடிந்தது.

இனி அந்தப் பட்டியல். சோர்ட்ஃபிஷின் மிகுவேகம் மணிக்கு ஏறத்தாழ 224 கிலோமீட்டர். டார்பிடோ ஏற்றினால் மேலும் குறையும். டெவாஸ்டேட்டருக்கு 331. நகாஜிமாவின் திருந்திய வடிவத்துக்கு 378. பொறிகளின் ஆற்றல் முறையே சுமார் 690, 900, 1,000 குதிரைத் திறன். மூன்று விமானங்களும் மூன்றே ஆண்டுகளுக்குள் முதன்முதலாகப் பறந்தவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியலின்படி நகாஜிமா முதலிடம், டெவாஸ்டேட்டர் அதற்கு அருகில், சோர்ட்ஃபிஷ் காட்சிக்கூடத்துக்கு உரியது. ஆனால் காட்சிக்கூடத்துக்கு உரிய அந்தத் துணி விமானம் 1945 வரை போரில் நின்றது. டெவாஸ்டேட்டரோ அமெரிக்கா போரில் இறங்கிய ஆறே மாதத்தில் அழிந்து, தோல்வியின் உருவமாகவே நூல்களில் இடம்பெற்றது. வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும் இடனறிதலையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்த வள்ளுவர் பட்டியல் போடுவோரின் இக்குறையை அறிந்திருந்தார் போலும். வலியைச் சொன்ன இடத்திலும் தன் வலியோடு நிறுத்தாது, துணையாய் நிற்போரின் வலியையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

1940 நவம்பர் 11-ஆம் நாள் இரவு இல்லஸ்ட்ரியஸ் என்னும் விமானந்தாங்கியிலிருந்து 21 சோர்ட்ஃபிஷ் விமானங்கள் இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுள் டார்பிடோ ஏந்தியவை 11 மட்டுமே. மற்றவை குண்டுகளையும் ஒளிச்சுடர்களையும் சுமந்தன. துறைமுகம் ஆழமற்றது. விழும் டார்பிடோ சேற்றில் புதையாதிருக்க, அதன் மூக்கில் ஒரு கம்பியைக் கட்டி, விமானத்திலுள்ள உருளையிலிருந்து அக்கம்பி அவிழுமாறு செய்தனர். மூக்கு தாழாமல் டார்பிடோ நீரில் படிந்தது. மூன்று போர்க்கப்பல்கள் அடிபட்டன. அவற்றுள் ஒன்று பின்னர் போருக்குத் திரும்பவேயில்லை. பிரிட்டன் இழந்தது இரண்டு விமானங்களை. அடுத்த ஆண்டு மே 26-ஆம் நாள், கொந்தளிக்கும் அட்லாண்டிக் கடலில், ஆர்க் ராயல் கப்பலிலிருந்து சென்ற 15 சோர்ட்ஃபிஷ்களுள் ஒன்றின் டார்பிடோ ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலின் சுக்கானைச் சிக்கவைத்தது. நேர்வழி செல்ல இயலாத பிஸ்மார்க் மறுநாள் காலை மூழ்கியது.

இவ்விரு வெற்றிகளையும் படிப்போர் சோர்ட்ஃபிஷைப் புகழாமல் இருக்க முடியாது. ஆனால் அவை நிகழ்ந்த இடத்தையும் காலத்தையும் கவனிக்க வேண்டும். டாரன்டோவில் இருள் காத்தது. பிஸ்மார்க்கின் மேலே ஒரு ஜெர்மன் போர்விமானம்கூட இல்லை. ஜெர்மனியிடம் விமானந்தாங்கியே இல்லை. பகல் வெளிச்சமும் எதிரியின் போர்விமானமும் ஒருங்கே எதிர்ப்பட்டபோது நடந்தது வேறு. 1942 பிப்ரவரி 12-ஆம் நாள் ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து சென்றபோது, எஸ்மண்ட் என்பவரின் தலைமையில் ஆறு சோர்ட்ஃபிஷ்கள் அவற்றைத் தாக்கப் புறப்பட்டன. காவலுக்கு வருவதாகச் சொன்ன ஐந்து அணிகளுள் உரிய வேளைக்கு வந்தவை பத்து ஸ்பிட்ஃபயர் விமானங்களே. ஆறும் வீழ்ந்தன, 18 பேரில் 13 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, திருகோணமலையிலிருந்து டார்பிடோவுடன் வந்துகொண்டிருந்த ஆறு சோர்ட்ஃபிஷ்கள் கொழும்பை நெருங்கும் வேளையில் ஜீரோ போர்விமானங்களிடம் சிக்கின. அங்கும் ஆறும் வீழ்ந்தன. இந்நிகழ்ச்சிகளை வைத்துச் சோர்ட்ஃபிஷைப் பயனற்ற விமானம் என்று நூல்கள் தீர்ப்பளிப்பதில்லை. காவல் இல்லாமல் அனுப்பியோரைத்தான் குறை கூறுகின்றன. இந்த நியாயம் மற்ற விமானத்துக்குக் கிட்டவில்லை.

நகாஜிமாவின் புகழ் 1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஹவாயில் எழுந்தது. முதல் அலையில் வந்த 40 விமானங்கள் பேர்ள் துறைமுகத்தின் ஆழமற்ற நீரில் டார்பிடோக்களை விட்டன, ஐந்தே திரும்பவில்லை. எதிர்பாராத தாக்குதல், நிலையாய் நின்ற கப்பல்கள், பழகிய டார்பிடோ, மேலே காவலுக்கு ஜீரோக்கள் என எல்லாம் ஒருங்கே அமைந்தன. மூன்று நாட்களுக்குப் பின், டிசம்பர் 10 அன்று, குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய இரு கப்பல்களும் 840 உயிர்களுடன் மூழ்கின. அவற்றைத் தாக்கியவை இந்தோசீனத்தின் நிலத்தளங்களிலிருந்து வந்த பெரிய விமானங்கள், நகாஜிமா அல்ல. ஆயினும் அவை விட்டதும் அதே 91-ஆம் வகை டார்பிடோதான். அப்போது சிங்கப்பூரின் சிலேத்தாரில் பிரிட்டன் வைத்திருந்த டார்பிடோ விமானம் வில்ட்பீஸ்ட் என்னும் இரட்டை இறக்கை விமானம். 1942 ஜனவரி 26-ஆம் நாள் எண்டாவில் அவை பகலில், டார்பிடோ இன்றிக் குண்டுகளுடன் அனுப்பப்பட்டுப் பெருமளவு அழிந்தன.

நகாஜிமாவுக்குக் குறையே இல்லை என்பதன்று. வேகத்துக்காகவும் தொலைவுக்காகவும் எடையைக் குறைத்தவர்கள் விமானிக்குக் கவசம் வைக்கவில்லை. தோட்டாத் துளையைத் தானே மூடிக்கொள்ளும் எண்ணெய்க் கலமும் வைக்கவில்லை. 1942-இல் லெக்சிங்டன், யார்க்டவுன், ஹார்னெட் ஆகிய மூன்று அமெரிக்க விமானந்தாங்கிகளின் அழிவிலும் அதன் டார்பிடோவுக்குப் பங்குண்டு. ஆனால் விழிப்புடன் காத்திருந்த எதிரியை நோக்கிச் சென்றபோது அதன் இழப்பும் கொடியதாயிற்று. மிட்வேயில் யார்க்டவுனைத் தாக்கச் சென்ற பத்தில் ஐந்து திரும்பவில்லை. அவ்வாறு மாண்ட தேர்ந்த விமானிகளுக்கு ஈடானவர்களை ஜப்பான் பின்னர் உருவாக்கவே முடியவில்லை.

இனி, டெவாஸ்டேட்டர். 1942 மே 7-ஆம் நாள் பவளக் கடலில் ஷோஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்த தாக்குதலில் இவ்விமானத்தின் டார்பிடோக்கள் பல பட்டன. இதைப் பலர் குறிப்பிடுவதில்லை. அனைவரும் குறிப்பிடுவது ஜூன் 4-ஆம் நாளை. அன்று காலை மிட்வே தீவுக்கு அருகில் மூன்று கப்பல்களிலிருந்து 41 டெவாஸ்டேட்டர்கள் எழுந்தன. ஹார்னெட்டின் அணியில் 15, எண்டர்பிரைசின் அணியில் 14, யார்க்டவுனின் அணியில் 12. முதல் இரண்டு அணிகளும் ஒழுங்கு குலைந்து காவலின்றியே எதிரியைச் சந்தித்தன. மூன்றாம் அணிக்குக் காவலாய் இருந்தவை ஆறே போர்விமானங்கள். ஹார்னெட்டின் 15-உம் வீழ்ந்தன. 30 பேரில் ஜார்ஜ் கே என்னும் இளைஞர் ஒருவரே பிழைத்தார். டார்பிடோவைச் சுமந்துகொண்டு கப்பலிலிருந்து தாம் எழும்பியது அன்றுதான் முதல் முறை என்று அவர் பின்னாளில் கூறினார். 41-இல் தம் கப்பற்கூட்டத்துக்கு மீண்டவை ஆறுக்கு மேற்படா. ஒரு டார்பிடோகூடப் பகைக் கப்பலில் படவில்லை.

இங்கே சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் 13-ஆம் வகை டார்பிடோவைச் சுமார் 15 மீட்டர் உயரத்துக்குள், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்துக்குள்தான் விட வேண்டும் என்பது அந்நாளைய விதி. ஆகவே டெவாஸ்டேட்டரின் 331 என்னும் வேகம் தாக்கும் நேரத்தில் பட்டியலில் மட்டுமே இருந்தது. ஜப்பானியக் கப்பல்கள் பின்புறத்தைக் காட்டி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடின. துரத்தும் விமானம் உண்மையில் நெருங்கியது மணிக்கு 145 கிலோமீட்டர் அளவில்தான். 15 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஆறு நிமிடம். ஜீரோக்களின் பீரங்கிகளுக்கு முன்னே, திரும்பாமல், ஆறு நிமிடம்!

அவர்கள் வீணாக மாளவில்லை, ஜீரோக்களைக் கடல்மட்டத்துக்கு இழுத்து, மேலிருந்து பாய்ந்த குண்டு விமானங்களுக்கு வழி திறந்தனர் என்று பல நூல்கள் எழுதின. கேட்பதற்கு நெஞ்சை உருக்கும் விளக்கம். ஆனால் ஹார்னெட்டின் அணி அழிந்தபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே குண்டு விமானங்கள் பாய்ந்தன. மேலே ஏறிக்கொள்ள ஜீரோக்களுக்கு அந்நேரம் போதும். யார்க்டவுனின் அணி மட்டுமே அவ்வேளையில் எதிரியை ஈர்த்து நின்றது. முந்திய அணிகளின் பயன் வேறு வகையானது. அடுத்தடுத்த தாக்குதல்களால் ஜப்பானியக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓட நேர்ந்தது. தம் விமானங்களைத் தளத்தில் வரிசைப்படுத்தி அனுப்ப அவற்றுக்கு அமைதி கிடைக்கவில்லை. போர் ஆவணங்களை இருபுறமும் ஒப்பிட்டு இந்த நூற்றாண்டில் எழுதியோர் தெளிவுபடுத்திய செய்தி இது.

பின்னர் வந்த தீர்ப்பு சுருக்கமானது: விமானம் பழையது, எனவே அழிந்தது. மிஞ்சிய டெவாஸ்டேட்டர்கள் முன்னணியிலிருந்து விலக்கப்பட்டன. இத்தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன். அதற்கான சான்று அதே நாளில், அதே கடலில் இருக்கிறது. டெவாஸ்டேட்டருக்குப் பதிலாக வந்த அவெஞ்சர் என்னும் புத்தம்புதிய விமானங்கள் ஆறு, அன்று காலை மிட்வே தீவிலிருந்து காவலின்றி அதே கப்பல்களைத் தாக்கச் சென்றன. ஐந்து வீழ்ந்தன, ஒன்று குற்றுயிராய்த் திரும்பியது. அவற்றுடன் டார்பிடோ ஏந்திச் சென்ற நான்கு மராடர் விமானங்களில் இரண்டு வீழ்ந்தன. அவற்றின் டார்பிடோக்களும் ஒன்றுகூடப் படவில்லை. விமானத்தை மாற்றிப் பார்த்தாயிற்று, முடிவு மாறவில்லை. மாறாதிருந்தவை இரண்டு: காவல் இன்மையும் அந்த டார்பிடோவும்.

அந்த டார்பிடோவின் குறைகள் அமைதிக் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை. விலை மிகுந்த கருவி என்பதால் அதனை உண்மையான போர்நிலையில் விட்டுச் சோதிக்க மனம் வரவில்லை. கிடங்கில் இருந்தவையும் குறைவு. 1943-இன் நடுவில் ஒருவழியாக 105 டார்பிடோக்களை மணிக்கு சுமார் 280 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விட்டுச் சோதித்தபோது, 31 விழுக்காடே ஒழுங்காக ஓடின. மற்றவற்றுள் சிலவற்றின் பொறி இயங்கவில்லை, சில மூழ்கின, சில திசைமாறின. அதற்குக் கண்ட மருந்து என்ன? மூக்கில் மரத்தால் ஒரு வளையம், வாலில் மரத்தால் ஒரு பெட்டி. இரண்டும் நீரைத் தொட்டதும் உடைந்து விலகும். வாலுக்கு வெளியே உலோக வளையம் ஒன்றும் சேர்ந்தது. ஜப்பானியர் போருக்கு முன்பே கண்டிருந்த உபாயம் 1944-இல் அமெரிக்கரின் கைக்கும் வந்தது. அதன்பின் அதே 13-ஆம் வகை டார்பிடோவை அவெஞ்சர்கள் பல நூறு அடி உயரத்திலிருந்து முழு வேகத்தில் விட்டன. முசாஷி, யமாட்டோ என்னும் உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல்கள் இரண்டும் 1944 அக்டோபரிலும் 1945 ஏப்ரலிலும் அவற்றால் தாக்குண்டு மூழ்கின.

டெவாஸ்டேட்டருக்கு அந்த டார்பிடோவும், மேலே நாற்பது காவல் விமானங்களும் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை வரலாறு சொல்லாது. சோர்ட்ஃபிஷ்கள் சில இங்கிலாந்தில் இன்றும் பேணப்படுகின்றன. விழாக்களில் வானில் பறந்து கைதட்டலும் பெற்றிருக்கின்றன. டெவாஸ்டேட்டர் ஒன்றேனும் முழு உருவில் எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. 1942 பிப்ரவரி முதல் நாளன்று எரிபொருள் தீர்ந்து மார்ஷல் தீவுகளின் ஜலூயிட் காயலில் இறங்கிய இரண்டு விமானங்கள், யார்க்டவுனின் அணியைச் சேர்ந்தவை, இன்னும் அந்நீருக்கடியில் கிடக்கின்றன.